இங்க நிறுத்துங்க, கைதட்டுவாங்க

முகம் நிறைய நுரையோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்த ஏகாம்பரத்துக்கு மணி தெரிய வேண்டியிருந்தது. கடிகாரம் பின்சுவரில் இருந்தது, எதிரே கண்ணாடியில் தெரிந்ததோ இடம் வலம் மாறிய கடிகாரம், அது இரண்டு இருபது என்றது, அப்படியானால் ஒன்பது நாற்பது, இன்னும் இருபது நிமிஷம். பத்து மணிக்கு அண்ணன் பேசுவாரு, போனைக் கையிலயே வெச்சுக்க, என்று நடிகர் கதிர்வேந்தனின் மேனேஜர் திவாகர் காலையில் சொன்னான், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வழக்கமாக என்ன ஏகா சார் டிபன் ஆச்சா என்று இழுப்பவன். போன் கால்சட்டைப் பையில், போர்த்திய துணிக்கு அடியில், தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அது துடிக்கிறதா, தொடை தானாகத் துடிக்கிறதா என்று இதுவரை மூன்று முறை ஏமாந்தாயிற்று. அண்ணன் என்ன சொல்வார்? விடு ஏகா, நடந்தது நடந்துபோச்சு என்பார். சொல்வாரா? இருபத்திரண்டு வருஷத்தில், சாப்பிடச் சொல்வதைத் தவிர, அண்ணன் அவராக ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லிக் கேட்டதில்லையே. எதற்கு இந்த நேரத்தில் சவரம் என்று வீட்டில் மனைவி வசந்தா கேட்டாள். அண்ணனோடு பேசப் போகும்போது முகம் மழிக்காமல் இருந்ததில்லை, போனில் முகம் தெரியாதுதான், இருந்தாலும் கை தாடையைத் தடவிப் பார்த்தது, கால் சாலிகிராமம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மதியழகன் சலூனுக்கு நடந்துவிட்டது. உடம்புக்கு எது பழகுகிறதோ அதைத்தான் அது செய்கிறது. நேற்று நடந்ததும் அதுதான், அதே இழவுதான், வேறொன்றுமில்லை.

ஏகாம்பரம் பிராம்ப்டர். படப்பிடிப்பில் கேமராவுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நடிகருக்கு வசனத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்கிற ஆள். வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அண்ணன் கதிர்வேந்தனுக்கு நாலு வார்த்தைக்கு மேல் மனசில் நிற்காது, அது நோயுமில்லை, திமிருமில்லை, சிலருக்கு நீச்சல் வராதது போல அவருக்கு அது வராது. ஏகாம்பரம் சொல்லுவார், உப்புச் சப்பில்லாமல், ரயில் நிலைய அறிவிப்பு போல. சொன்ன மறுகணம் கதிர்வேந்தன் அதையே இடியாக இறக்குவார், கண்ணீராக இறக்குவார், தியேட்டர் கிழியும். பிராம்ப்டருக்கு ஒரே ஒரு விதி. ஆக்‌ஷனுக்கும் கட்டுக்கும் நடுவில் உன் வாயிலிருந்து வருவது எல்லாம் வசனம், உனக்கென்று ஒரு சொல் கிடையாது. தும்மல் வந்தாலும் விழுங்கு. நிறுத்து, மெதுவாக, முடிந்தது, எல்லாமே கையால்தான். நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் நிறுத்தம், விரல்களை மூடினால் முடிந்தது. அண்ணன் கண் எங்கே போனாலும் ஓரத்தில் அந்தக் கை தெரியும். நேற்று மாநாட்டில் தெரியவில்லை. மேடைக்கு அடியில் துணி மறைத்த இடத்தில் ஏகாம்பரத்தை உட்கார வைத்து, கையில் மைக்கும் எதிரில் ஒரு சின்ன டிவியும் கொடுத்தார்கள், அண்ணன் காதுக்குள் பட்டாணி அளவு ஒரு கருவி. மேலே இரண்டு லட்சம் பேர் முன்னால் அண்ணன் கட்சியில் சேருகிறார். உங்க வீட்டு அடுப்பு எரியாம என் வீட்டுல உலை வைக்க மாட்டேன், என்று அந்த வரி, ஏகாம்பரமே இரண்டு ராத்திரி உட்கார்ந்து செதுக்கிய வரி, அதைச் சொல்லிவிட்டு அண்ணன் மூச்சு வாங்காமல் அடுத்ததற்குத் தயாராகிறார், கைதட்டல் வருகிற இடம், அதை விட்டுவிட்டால் கூட்டம் ஆறிப்போகும். கை தானாக நெஞ்சுக்குப் போனது. யார் பார்க்க? அதனால் வாய் சொன்னது, இங்க நிறுத்துங்க, கைதட்டுவாங்க. வலது கையை வானத்துக்கு உயர்த்தி, தொண்டை நரம்பு புடைக்க, அண்ணன் முழங்கினார்: "இங்க நிறுத்துங்க! கைதட்டுவாங்க!"

"போடுறான் பாரு மறுபடியும்" என்றார் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த நல்லசிவம், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், சவரம் இல்லாத நாளிலும் பேப்பர் படிக்க வருகிறவர். மூலையில் டிவி. இந்த ஒரு மணி நேரத்தில் எத்தனையாவது தடவையோ. அண்ணனின் கை உயர்கிறது, அண்ணன் முழங்குகிறார், கூட்டம் ஒரு கணம் திகைத்துப்போய், பிறகு தட்டுகிறது, இரண்டு லட்சம் பேரும் தட்டுகிறார்கள், சிரித்துக்கொண்டே தட்டுகிறார்கள். மேடைக்கு அடியில் அது சிரிப்பாகக் கேட்கவில்லை. மழை இறங்குவது போல இருந்தது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏகாம்பரத்துக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, ஐயோ அது இல்லண்ணே என்று வாய் சொல்லிவிட்டது. அதையும் அண்ணன் வாங்கிக்கொண்டார். "ஐயோ! அது இல்லண்ணே!" டிவியில் அதற்குப் பின்னால் யாரோ தவில் சத்தம் சேர்த்திருந்தார்கள். இப்போது நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து பேசினார்கள். இது அரசியல் கூட்டங்களின் போலித்தனத்தை மேடையிலேயே தோலுரித்த கலகம் என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூளை நரம்பு மருத்துவர் ஒருவர், பரிசோதிக்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர், கைதட்ட ஆள் பிடித்தவர்களுக்கு நாட்டைப் பிடிக்க ஆசையா என்றார். "என்ன நரம்பு? தண்ணி. ராத்திரி போட்டது இறங்கல" என்றார் நல்லசிவம். "வாயக் கழுவுங்க சார், அவரு டீகூடக் குடிக்க மாட்டாரு" என்றான் மதியழகன், நாற்பது வயசு, கதிர்வேந்தன் படம் வருகிற வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை விடுகிறவன், கண்ணாடிக்கு மேலே பூ போட்டு வைத்திருக்கிற மூன்று படங்களில் ஒன்று முருகன், ஒன்று அவன் அப்பா, இன்னொன்று அண்ணன். டீ குடிக்க மாட்டார் என்பது சரி. சுக்குத் தண்ணிதான். அது ஏகாம்பரத்துக்குத் தெரியும், அண்ணனுக்கு எந்தப் பல் வலிக்கும் என்பதுகூடத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை, வாய் ஓரத்தில் நுரை.

காலையில் பால் வாங்கப் போனபோது ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இங்க நிறுத்துங்க என்றாள், பாவம் அவள் இறங்க வேண்டிய இடம். உள்ளே இருந்த ஆறு பேரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். டிரைவரும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தட்டினான். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். ஏகாம்பரம் பால் பாக்கெட்டோடு நின்று பார்த்தார். ஊர் வாய் எல்லாம் தன் வாய். இருபத்திரண்டு வருஷம் யார் யாரோ எழுதிய வசனத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார், மேடைப் பேச்சுகளைச் செதுக்கியிருக்கிறார், அதெல்லாம் அண்ணனுக்காக அண்ணன் மாதிரி யோசித்தது. அவராக, ஏகாம்பரமாக, மனசில் பட்டதை அப்படியே சொன்னது இந்த மூன்று வார்த்தைதான், அது இன்றைக்கு மாநிலம் முழுக்க ஓடுகிறது. இதை நினைத்தபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நெஞ்சில் ஏதோ லேசாக நிமிர்ந்தது. சீ, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார், அங்கே அந்த மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார், உனக்குப் பெருமை கேட்கிறதா? பாலைக் காய்ச்சாமல் அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டார், வசந்தா கத்தினாள்.

கத்தி காதோரத்திலிருந்து இறங்கியது. அண்ணனின் அம்மா செத்த அன்று. ஏன் அது இப்போது வருகிறது? வாசலில் நாற்பது மைக். அண்ணன் வெளியே வந்து நின்றார், வாயைத் திறந்தார், மூடினார், கண் கூட்டத்துக்குள் அலைந்தது, தேடுவது யாரை என்று ஏகாம்பரத்துக்கு உடனே தெரிந்தது. ஆட்களை இடித்துக்கொண்டு போய் அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று, உதடு அசையாமல் சொன்னார். அவ கையால கடைசியா ஒரு வாய் சோறு வாங்கிக்கல. அண்ணன் சொன்னார், "அவ கையால... கடைசியா ஒரு வாய் சோறு... வாங்கிக்கல" என்று, சோறு என்ற இடத்தில் குரல் உடைந்தது, மைக் பிடித்தவர்கள் அழுதார்கள், மறுநாள் பேப்பரில் அதுதான் தலைப்பு. அது எழுத்தாளர் யாரும் கொடுத்ததில்லை. ஏகாம்பரத்தின் அம்மா கடலூரில் செத்தபோது படப்பிடிப்பு பொள்ளாச்சியில், போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அப்போது அவருக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, தம்பி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறான். வசனம் ஆறு மாசம் கழித்து வந்தது, வேறொருவர் அம்மாவுக்கு. அண்ணன் அழுதபோதுதான் ஏகாம்பரத்துக்கும் கண் கலங்கியது. அவர் சொல்ல, அண்ணன் அழ, அண்ணன் அழுததைப் பார்த்து அவர் அழ, இதில் யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தது? அவரு உன்னை விட மாட்டாரு, நீ இல்லாம அவருக்கு ஒரு நாள் ஓடாது என்று வசந்தா காலையில் சொன்னாள். நான் இல்லாமல் அவருக்கு ஓடாது, சரி. அவர் இல்லாமல் எனக்கு? புதுப் பையன்கள் படம் எடுக்கிற இடத்தில் அங்கேயே குரலையும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள், பக்கத்தில் ஈ பறக்கக் கூடாது, பிராம்ப்டர் எங்கே உட்காருவது? அண்ணன் ஒருவர்தான் எனக்கு ஏகா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அண்ணன் விட்டால் ஐம்பத்து மூன்று வயசில் இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"எனக்கு ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியுது" என்றான் மதியழகன். ஏகாம்பரத்தின் தாடையை இரண்டு விரலால் மேலே தள்ளி, கத்தியைக் கழுத்தில் வைத்தான். "இது அண்ணன் தப்பு இல்ல. காதுல என்னமோ இருக்கு, உத்துப் பாத்தேன். பின்னாடி இருந்து எவனோ ஒருத்தன் சொல்லிக் குடுத்திருக்கான். வேணும்னே தப்பா சொல்லியிருக்கான். காசு வாங்கியிருப்பான். அவன் மட்டும் என் கையில கெடச்சான்னு வைங்க..." கத்தி குரல்வளைக்குப் பக்கத்தில் நின்றது, பேச்சு சூடாகும்போது மதியழகன் கையை நிறுத்திவிடுவான், நல்ல பழக்கம். நல்லசிவம் பேப்பரை மடித்தார். "சொல்லிக் குடுத்தா அப்படியே சொல்றதா? மனுஷனுக்குச் சொந்தமா மூளை வேணாமா?" "நம்பிக்கை சார் அது. நம்புனவன் கழுத்தறுத்துட்டான்." ஏகாம்பரத்துக்கு எழுந்து உட்கார வேண்டும் போல இருந்தது. நான்தான்ப்பா. வேணும்னு சொல்லல. அவருக்குக் கைதட்டு வரணும்னுதான் சொன்னேன். எவ்வளவு சின்ன வாக்கியம், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வேறு யாராவது இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஏகாம்பரம் பின்னாலிருந்து அழகாக எடுத்துக் கொடுத்திருப்பார். உதட்டைப் பிரித்தார். "பேசாதீங்க சார், வெட்டிரும்" என்றான் மதியழகன். மூடிக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவை நினைத்து அருவருப்பாகவும் இருந்தது.

டிவியில் இப்போது, அந்த இரண்டு வரிக்கும் பிறகு அண்ணன் பேசாமல் நின்ற மௌனம். இதைத்தான் பார்க்க முடியவில்லை. மூலையில் யாரோ ஸ்டாப்வாட்ச் போட்டிருந்தார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடியது, நாற்பத்து மூன்று விநாடி. வேண்டுமென்றே செய்ததில்லை என்று மதியழகனிடம் சத்தியம் செய்யலாம், முதல் வரிக்கு. இரண்டாவதற்கும். இந்த நாற்பத்து மூன்றுக்கு? அடுத்த வரி கையிலேயே இருந்தது, காகிதத்தில், பெரிய எழுத்தில், சகோதரிகளே என்று ஆரம்பிக்கிற வரி. படித்திருந்தால் போதும், அண்ணன் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பார், கூட்டம் முதல் இரண்டையும் மறந்திருக்கும். படிக்கவில்லை. வாயைத் திறந்தால் எது வரும் என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டார், நிஜமாகவே கையால் பொத்திக்கொண்டார், எதிரில் சின்ன டிவியில் அண்ணன் முகம். அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு காலுக்குக் கீழே பலகையைப் பார்த்தார். பலகைக்கு அடியில்தான் ஏகா இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். அம்மா செத்த அன்று அலைந்த அதே கண். குடித்திருக்கிறான் என்கிறார்கள், நரம்பு என்கிறார்கள், கலகம் என்கிறார்கள், அந்தக் கண் என்ன கேட்கிறது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். நாற்பத்து நாலாவது விநாடியில் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, மெல்லிய குரலில், படங்களில் யாரும் கேட்டிராத குரலில், "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். நல்லசிவம் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க சாப்புடறது? பொட்டல் காடு. தண்ணி பாக்கெட்டுகூடக் குடுக்கல." மதியழகன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் சொல்வது அது, அவருக்குச் சொந்தமாகத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். படிக்காதவர், பசித்தவர், அம்மா சொல்லிக் கொடுத்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஏகாம்பரத்தின் கண்ணிலிருந்து நீர் பக்கவாட்டில் இறங்கி நுரையில் கலந்தது. மதியழகன் சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துத் துண்டால் ஒற்றினான்.

தொடை துடித்தது. இந்த முறை நிஜம். ஏகாம்பரம் துணியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், மதியழகன் சட்டென்று கத்தியை விலக்கி, "சார், பாத்து, பாதிதான் ஆயிருக்கு" என்றான். கண்ணாடிக் கடிகாரம் ஒரு மணி ஐம்பது நிமிஷம், அப்படியானால் பத்து பத்து. கடை வாசற்படியில் நின்றார், ஒரு கன்னம் மழித்தது, ஒரு கன்னம் நுரை. "அண்ணே" என்றார்.

"ஏகா."

அவ்வளவுதான் வந்தது. பிறகு மூச்சு. பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள், கட்சிக்காரரோ திவாகரோ, சட்டுனு சொல்லிடுங்கண்ணே என்பது மட்டும் விழுந்தது. ஏகாம்பரத்துக்கு அந்த மூச்சு தெரியும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால், உள்ளே இழுத்து, அங்கேயே பிடித்து வைத்து, வரி வருவதற்காகக் காத்திருக்கிற மூச்சு.

"ஏகா, நீ..." என்றார் அண்ணன். நின்றுவிட்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஏகாம்பரம் எண்ணவில்லை, அது தானாக ஓடியது. அந்த நீ என்ற ஒற்றை எழுத்து விழுந்த விதத்திலேயே வரி என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். சொல்லாமல் நிற்கலாம். வாயைப் பொத்திக்கொண்டால் போதும், அண்ணனால் அதைச் சொல்லவே முடியாது, சொல்லாதவரை எதுவும் ஆகவில்லை, நாளைக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கேமராவுக்குக் கீழே உட்காரலாம். எட்டு, ஒன்பது. மூச்சு இன்னும் அங்கேயே நின்றது. அந்தக் கண் இப்போது எங்கே அலைகிறது என்று தெரிந்தது. இன்னொரு தடவை அந்த மனுஷனை அப்படி நிறுத்த ஏகாம்பரத்தால் முடியவில்லை.

"இனிமே நீ வர வேண்டாம்" என்றார், மெல்ல, உப்புச் சப்பில்லாமல்.

"இனிமே நீ... வர வேண்டாம்" என்றார் அண்ணன்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்ல."

"உன் மேல எனக்கு... கோபம் இல்லடா."

டா அண்ணன் சேர்த்தது. நல்ல இடத்தில் சேர்த்தார். கோபம் என்ற இடத்தில் குரல் லேசாக உடைந்து, உடனே சரியாயிற்று, எத்தனை பெரிய நடிகன், ஒரே டேக்.

"எங்க இருந்தாலும் நல்லா இரு."

"எங்க இருந்தாலும்... நல்லா இரு."

ஏகாம்பரம் விரல்களை மூடினார். ரோட்டைப் பார்த்து, சலூன் வாசலில், காற்றில் கையை மூடிக் காட்டினார். யார் பார்க்க? அந்தப் பக்கம் மூச்சு மறுபடி உள்ளே போய் நின்றது, அடுத்த வரிக்காக. பத்து விநாடி. பதினைந்து.

"அவ்வளவுதாண்ணே" என்றார் ஏகாம்பரம்.

"அவ்வளவுதாண்ணே" என்றார் அண்ணன், நடுங்கிய குரலில்.

போனை ஏகாம்பரம்தான் வைத்தார். உள்ளே டிவியில் மறுபடி அந்தக் கை உயர்ந்தது. மதியழகன் நாற்காலியைத் துண்டால் தட்டி, "உக்காருங்க சார், மீதியையும் எடுத்துரலாம்" என்றான். அவர் வந்து உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் காட்டினார்.